சண்டை இல்லாத வீடு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியமா? அத்தானுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். உட்கார்ந்து எழுதற அளவுக்குத் தேறிட்டேன்னு இந்தக் கடிதத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கோ. கையெழுத்து கோணலா இருந்தா அது இதயத்தோட தப்பு இல்லை. எனக்கு எப்பவுமே அப்படித்தான்.

போன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், எதுக்குக் கடிதம்னு கேட்பே. போன்ல பேசறது நான் இல்லை அக்கா, வீடே பேசுது. உன் தம்பி பொண்டாட்டி ஸ்பீக்கரைப் போட்டுட்டு ஒரு பக்கம் உட்கார்றா, பாப்பா இன்னொரு பக்கம். நான் லேசா இருமினா போதும், "அத்தை, அப்புறம் பேசலாம், அப்பா ரெஸ்ட் எடுக்கணும்"னு பாப்பா கட் பண்ணிடறா. புலம்பறதுக்குக்கூட எனக்குன்னு ஒரு இடம் இல்லை. அதான் பேனாவை எடுத்தேன்.

நெஞ்சுல நீளமா ஒரு தையல். காலமெல்லாம் சோபாவும் நாற்காலியும் தைச்சவன் சொல்றேன், நல்ல தையல். இடைவெளி ஒரே சீரா இருக்கு, எங்கேயும் சுருக்கம் விழலை. டாக்டர் பார்க்க வந்தப்போ, "யார் சார் தைச்சது? கை சுத்தமா இருக்கு"ன்னேன். அவர் சிரிக்கலை, நர்ஸ் சிரிச்சாங்க. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சுல வெச்சிருக்காங்களாம். நாங்களும் அதைத்தானே பண்றோம்? சோபாவோட பின்பக்கத்துத் துணியை வெட்டி முன்பக்கத்துக் கிழிசலுக்குப் போடறது.

இருமல் வந்தா ஒரு தலையணையை நெஞ்சோட இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் இருமணுமாம். ஆஸ்பத்திரியில கொடுத்தது கல்லு. நம்ம கடை ஊசி இருக்காரே, என் கூடவே வேலை செய்யற தையல்காரர், அவர் நல்ல பஞ்சா அடைச்சு ஒண்ணு தைச்சுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துட்டு என் முகத்தைப் பார்க்காம சுவரைப் பார்த்துப் பேசிட்டுப் போனார்.

பாப்பா வந்ததிலிருந்து கிளம்பவே இல்லை. என்னைப் பார்த்துக்கணுமாம். மருந்துக் கடையில வேலை பார்த்த பொண்ணு, மாத்திரையைப் பிரிச்சு வைக்கிறதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அங்கே மாப்பிள்ளை தனியா என்ன பண்ணுவார்? "எனக்குத் தேவலை, நீ கிளம்பும்மா"ன்னா, "பார்க்கலாம்ப்பா"ங்கிறா. நீ எடுத்துச் சொல்லு. உன் பேச்சைத்தான் கேட்பா.

வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கிற,
உன் தம்பி

*

பிப்ரவரி 26

என் அம்பத்தெட்டு வயசு வாண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானோட முட்டி, மழை வரப்போறதை ரேடியோவுக்கு முன்னாடியே சொல்லிடுது. நீ இப்போ எப்படி இருக்கே? பசி எடுக்குதா? தூக்கம் வருதா? பொய் எழுதாம எழுது.

உன் கடிதம் வந்தப்போ விடுதியில என் வார்டன் ஆபீஸ்ல நாலஞ்சு பொண்ணுங்க நின்னுக்கிட்டு இருந்தாளுங்க. ஒருத்தி, "மேடத்துக்கு லவ் லெட்டர்"ன்னா. "ஆமாண்டி, ஆளுக்கு அம்பத்தெட்டு வயசு, உடம்புல ஒட்டுப் போட்டிருக்கு"ன்னேன். சிரிச்சாளுங்க. அவளுங்க போனப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன். உனக்கு ஆப்ரேஷன்னு போன் வந்த அன்னைக்கு அழுகை வரலை. கோணல் கையெழுத்தைப் பார்த்ததும்தான் வந்துச்சு.

எதையும் தூக்காதே. சோபாவை மட்டும் இல்லை, தண்ணிக் குடத்தையும்தான். கடையை ஊசி பார்த்துப்பார்.

பாப்பாவைப் பத்தி எழுதியிருந்தே. இருக்கட்டும்டா. பெத்த பொண்ணு பக்கத்துல இருக்கிறது உனக்குக் கசக்குதா? மாப்பிள்ளை ஒண்ணும் கைக்குழந்தை இல்லை. அவளை அவசரப்படுத்தாதே. இந்தப் பேச்சை இதோட விடு.

இங்கே தண்ணி மோட்டார் ரிப்பேர். மாடியிலிருந்து வாளியோட ஒரு ஊர்வலமே இறங்குது. போய்ப் பார்க்கணும்.

மூச்சை இழுத்துவிடச் சொல்லியிருப்பாங்களே, அதை மறக்காம செய்.

உன் அக்கா

*

மார்ச் 22

அன்பு அக்கா,

நலம்தானே? மோட்டார் ஓடுதா? எனக்குப் பசி எடுக்குது. உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்ததும் அந்தப் பசியே பயந்து ஓடிடுது.

ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லிப் போய்க்கிட்டு இருக்கேன். பெரிய ஹால். எவ்வளவு மிதிச்சாலும் நின்ன இடத்துலேயே நிக்கிற சைக்கிள் வரிசையா இருக்கு. எங்க எல்லாருக்கும் நெஞ்சுல ஒரே மாதிரி கோடு. பேங்க்குல மேனேஜரா இருந்தவர் ஒருத்தர், ரொட்டிக் கடைக்கார அம்மா ஒருத்தர், இன்னும் சில பேர். அங்கே யாரும் யாருக்கும் பாவம் பார்க்கிறதில்லை, அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு. நான் மிதிக்கிறது கொஞ்சம் மெதுவானா ரொட்டிக் கடை அம்மா பக்கத்து சைக்கிள்லேருந்து திரும்பிப் பார்த்து "என்ன சார், டயர் பஞ்சரா?"ன்னு கேட்பாங்க.

உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். இடது பக்கம் திரும்பிப் படுக்க எனக்குப் பயமா இருக்கு. காதைத் தலையணையில வெச்சா இதயம் அடிக்கிற சத்தம் கேட்குது. கேட்டா, அடுத்தது வருமா வருமான்னு எண்ணத் தோணுது. மல்லாந்தே படுத்து முதுகு பலகையாயிடுச்சு.

வீட்டைப் பத்திச் சொல்லணும். யாரும் என்னோட சண்டை போடறதில்லை அக்கா. உன் தம்பி பொண்டாட்டி எப்படிப்பட்டவ? ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு கொடுப்பாளே. இப்போ நான் என்ன சொன்னாலும் "சரிங்க". போன வாரம் சோதிச்சே பார்த்தேன்.

"கூடத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கேன்."

"சரிங்க, உங்க இஷ்டம்."

"கூரைக்கும் சேர்த்து."

"சரிங்க."

யாரோ வேற ஒரு பொம்பளை என் வீட்டுல வேலைக்கு வந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

பாப்பா நம்ம தெருமுனை மருந்துக் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டா. பொழுது போகலையாம். புருஷன் வீட்டுக்குப் போக வேண்டியவ இங்கே எதுக்கு வேலைக்குச் சேரணும்? மாப்பிள்ளையும் இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. கேட்டா, "உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்"ங்கிறாங்க. உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா மறைக்காம எழுது.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

*

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

சுகமா இருக்கியா? நாங்க சுகம். பதில் எழுதத் தாமதமாயிடுச்சு. விடுதியில பரீட்சை நேரம், ஒருத்தி மயக்கம் போட்டு விழறா, ஒருத்தி சாப்பிட மாட்டேங்கிறா.

இடது பக்கம் படுக்கிறதைப் பத்தி டாக்டரைக் கேளு. வெட்கப்படாதே. அத்தான் உனக்காக ஒரு தொப்பி வாங்கி வெச்சிருக்கார், காலையில நடக்கிறப்போ போட்டுக்க. அடுத்த தடவை யாராவது வந்தா கொடுத்தனுப்பறேன்.

வேற என்ன எழுத? உடம்பைப் பார்த்துக்கோ. கண்டதையும் யோசிச்சு மனசைக் குழப்பிக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்க மனசு வரலை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ தொப்பியைப் பத்தி எழுதினே.

போன வாரம் உடற்பயிற்சி வகுப்புன்னு சொல்லிட்டு பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஆப்ரேஷனுக்கு அப்புறம் என் கையால தைச்ச முதல் பொருள் ஒரு சின்ன முக்காலி, மேலே மெத்தை வெச்சது. கால் நீட்டி உட்கார்றப்போ உதவும்னு அவருக்காக எடுத்துக்கிட்டுப் போனேன். நானே பொண்ணைப் பத்திப் பேசி, கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லணும்னு நினைப்பு. மாடிப்படியை நின்னு நின்னு ஏறினேன். கதவைத் தட்டினா முன்பின் தெரியாத ஒரு அம்மா, கையில சோப்பு நுரையோட வந்து நிக்கிறாங்க.

"யாருங்க வேணும்?"

சொன்னேன்.

"அவங்களா? காலி பண்ணிட்டுப் போய் நாலஞ்சு மாசம் ஆச்சே. அந்தப் பொண்ணு முதல்லேயே தனியா போயிடுச்சுன்னு சொன்னாங்க. ஏன், நீங்க யாரு?"

நான் அந்தப் பொண்ணோட அப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தெரிஞ்சவன்னு சொன்னேன்.

படியிலேயே உட்கார்ந்துட்டேன். இப்போ வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன் அக்கா. எந்த வலி வரக்கூடாதுன்னு வீடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோ, அந்த வலி. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டேன். வரவே இல்லை. வந்தது வெறும் துக்கம். அது நெஞ்சு வலி மாதிரி இல்லை. நம்ம அம்மா போனப்போ வந்துச்சே, அதே துக்கம். ஒட்டுப் போட்ட இதயம் அதைத் தாங்கிக்கிட்டு ஒழுங்கா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்த அம்மா தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. முக்காலியை அவங்ககிட்டயே கொடுத்துட்டு வந்துட்டேன்.

உனக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு வெளியிலயாவது ஒருத்தி என்னை உயிரோட இருக்கிற மனுஷனா நடத்தறான்னு நினைச்சுத்தான் உனக்கு எழுதினேன். நீயும் அவங்க கூட்டணிதான். இனிமே எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சோபா தைக்கிறவன்

*

ஜூன் 5

தம்பிக்கு,

எப்படி இருக்கே? கோபமா இருந்தாலும் மாத்திரையை நேரத்துக்குப் போடறியா?

நீ எழுதாதேன்னா நான் எழுத மாட்டேனா? இத்தனை நாள் எழுதி எழுதிக் கிழிச்சேன். ஒவ்வொரு கடிதத்திலும் நான் நல்லவளாவே இருந்தேன், அதான் கிழிச்சேன்.

எனக்கு டிசம்பர்லேயே தெரியும். பாப்பா இங்கே விடுதிக்கு வந்து ரெண்டு நாள் என் கூட இருந்தா. புருஷன் வீட்டை விட்டு வந்துட்டேன் அத்தை, அப்பா அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னா. தைரியமா போய்ச் சொல்லு, உங்கப்பன் கத்துவான், அப்புறம் அடங்கிடுவான்னு அனுப்பி வெச்சேன். அவ தயங்கித் தயங்கி ஜனவரியில பெட்டியோட வந்து இறங்கின அன்னைக்கு நீ ஐ.சி.யூ.வில. வந்தவளைப் பார்த்து, அப்பாவைப் பார்த்துக்க ஓடி வந்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அதுவே நிலைச்சுப்போச்சு.

அதிர்ச்சி கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. எது அதிர்ச்சி, எதை உன்னால தாங்க முடியும்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். பயந்துபோயிருந்தோம்டா. பயத்துல செஞ்சதையே புத்திசாலித்தனம்னு நினைச்சுக்கிட்டோம்.

நீ அந்தப் படியில தனியா உட்கார்ந்திருந்ததை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கலை. என்னைத் திட்டு. பாப்பாவைத் திட்டாதே.

உன் பதில் வராட்டி நானே கிளம்பி வருவேன்னு மிரட்டும்,
அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மிரட்டலுக்குப் பயந்து எழுதறேன்னு நினைக்காதே. நீயும் அத்தானும் சுகம்தானே? தொப்பி வந்து சேர்ந்துச்சு. போட்டுக்கிட்டா மீன் பிடிக்கப் போறவன் மாதிரி இருக்கேன். ஆனாலும் போட்டுக்கிறேன்.

பாப்பாவைத் திட்டலை. ஒரு சாயங்காலம் நடக்கப் போறப்போ அவளையும் கூப்பிட்டேன். பார்க் பெஞ்சுல உட்கார்ந்தோம். "அந்த வீட்டுக்குப் போயிருந்தேம்மா"ன்னேன். அவ முகம் வெளுத்துப்போச்சு. முதல்ல என் கையைப் பிடிச்சு நாடி பார்த்தா. பார்த்துட்டுத்தான் அழுதா.

"அவர் கெட்டவர் இல்லைப்பா. அடிக்கலை, திட்டலை. ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருந்தோம். நான் வந்தா அவர் டிவியை அணைச்சுட்டு உள்ளே போயிடுவார். ஒரு நாள் நான் சிரிச்சே எவ்வளவு நாளாச்சுன்னு யோசிச்சேன். ஞாபகம் வரலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, அது என்னாலன்னு ஆயிடும்."

"எனக்கு ஏதாவது ஆனா அதுக்குக் காரணம் நான் ஊதின சிகரெட்டும், சொல்லச் சொல்லக் கேட்காம தின்ன எண்ணெய்ப் பலகாரமும். அந்த வரிசையில உனக்கு இடம் இல்லை, எழுந்திரு"ன்னேன். அழுதுக்கிட்டே சிரிச்சா. ரெண்டு பேரும் மெதுவா நடந்து வந்தோம். எனக்குப் பொண்ணைப் பத்தின கவலை போயிடுச்சான்னா, போகலை. ஆனா இது என்னோட கவலை, நானே படறேன். அதுவே ஒரு நிம்மதி.

கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன், மதியம் வரைக்கும். தூக்கறது, நகர்த்தறது எல்லாம் ஊசி. நான் துணி வெட்டறேன், தைக்கிறேன். துணியை மரச் சட்டத்துல பின் அடிக்கிற ஸ்டேப்ளர் துப்பாக்கியை அடிச்சா மட்டும் நெஞ்செலும்புல அதிருது, அதனால அதுவும் அவர்தான்.

ஆனா ஒண்ணு. மறைச்சு வெச்சதுக்காக வீட்டுக்காரிகிட்ட கத்தினேன். ஆப்ரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா நல்லாவே கத்தினேன். பதிலுக்கு ஒரு மழை பெய்யும்னு எதிர்பார்த்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிங்க, தப்புதான்"ன்னு சொல்லிட்டு என் தண்ணி டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பாப்பா விஷயம்தான் வெளியில வந்துடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்கா? எனக்குக் கேட்கத் தெரியலை. நீ கேட்டுப் பாரேன்.

உன்னை மன்னிச்சுட்ட பெரிய மனுஷன்,
தம்பி

*

ஜூலை 12

அண்ணிக்கு வணக்கம்.

நீங்களும் அண்ணனும் நல்லா இருக்கீங்களா? இங்கே அவர் நல்லா இருக்கார். போன மாசத்துக்கு இந்த மாசம் முகத்துல ரத்தம் ஊறியிருக்கு. பாப்பாவும் சரியா சாப்பிடறா.

நீங்க கேட்டு எழுதினதுக்கு உடனே பதில் எழுதலை. வேலை இருந்துச்சுன்னு சொன்னா பொய். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து நான்தான் எழுந்து போனேன்.

அவருக்கு உடம்பு முடியாம போன அன்னைக்குக் காலையில நடந்ததை உங்ககிட்ட அவர் சொல்லியிருக்க மாட்டார். எங்க கூடத்து சோபாவை நீங்க பார்த்திருக்கீங்க. ஊருக்கெல்லாம் தைக்கிறவர் வீட்டுல ஸ்பிரிங் வெளியே வந்து குத்தும். வருஷக்கணக்கா நச்சரிச்சு, கடைசியில நானே கடைக்குப் போய் ஒரு பச்சைத் துணியைத் தேடி எடுத்து, இது நம்ம வீட்டுக்குன்னு தனியா சுத்தி வெச்சேன். யாரோ அவசரம்னு கேட்டாங்கன்னு அதை எடுத்துத் தைச்சுக் கொடுத்துட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியா, "உங்களோட பேசறதே தண்டம், எங்கேயாவது போய்த் தொலைங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்துல கூடத்துல சத்தமே இல்லை. அந்த மனுஷன் சண்டையைப் பாதியில விடற ஆள் இல்லையேன்னு எட்டிப் பார்த்தேன். அதே சோபாவுல, சட்டையெல்லாம் வேர்வையா, கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். முகம் சாம்பல் மாதிரி.

ஆப்ரேஷன் நடக்கிற வரைக்கும் வெளியில உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. என் காதுல நான் சொன்ன அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. இவர் பிழைச்சு வந்தா இனிமே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். இப்போ அவர் கத்தினா எனக்கும் வாய் துடிக்குது அண்ணி. உடனே அந்தச் சாம்பல் முகம் கண்ணு முன்னாடி வந்துடுது.

இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

உங்கள் அன்பை மறவாத,
தம்பி மனைவி

*

ஜூலை 19

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

நீ முதல்ல எப்படி இருக்கேன்னு சொல்லு. ஜனவரியிலிருந்து எல்லாரும் அவனையே கேட்கிறோம். உன்னை ஒருத்தரும் கேட்கலை. நானும்தான்.

பொண்டாட்டி கத்தினா புருஷனுக்கு இதயத்துல அடைப்பு வரும்னா, நான் கத்தற கத்துக்கு உங்க அண்ணனுக்கு இந்நேரம் உடம்பெல்லாம் அடைப்பு வந்திருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை, நான் சொன்னா உன் மனசு கேட்காது. அடுத்த தடவை செக்கப்புக்குப் போறப்போ பையை மடியில வெச்சுக்கிட்டு வெளியில உட்காராதே. நீயும் உள்ளே போ. எனக்கு எழுதினதை அப்படியே டாக்டர்கிட்ட கேளு. அவன் எதிரிலேயே கேளு.

அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை மறைச்சுப் பட்டது போதும், அதனால நீயே சொல்லு.

உன் பக்கம் நிக்கும்,
அண்ணி

*

ஆகஸ்ட் 30

அன்பு அக்கா,

சுகமா? அத்தான் சுகமா? நான் சுகம், தொண்டைதான் கட்டியிருக்கு. காரணம் சொல்றேன்.

செக்கப்புக்குப் போனப்போ என் வீட்டுக்காரியும் உள்ளே வந்தா. டாக்டர் எல்லாம் பார்த்து, நல்லா இருக்குன்னு சொல்லி எழுதிக்கிட்டு இருந்தார். திடீர்னு இவ, "நான் போட்ட சண்டையாலதான் இவருக்கு வந்துச்சா டாக்டர்?"ன்னு கேட்டா. கேட்டுட்டு எல்லாத்தையும் சொன்னா, அந்த 'போய்த் தொலைங்க' வரைக்கும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. அந்தச் சண்டையே எனக்கு அரைகுறையாத்தான் ஞாபகம். வண்டியில ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் என் கையை விடாம பிடிச்சிருந்தாளே, அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு.

டாக்டர் பேனாவை மூடி வெச்சார்.

"கோபம் வந்தா இதயத்துக்கு வேலை ஜாஸ்திதாம்மா, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவருக்கு இருந்த அடைப்பு ஒரு காலையில வந்தது இல்லை. வருஷக்கணக்கா சேர்ந்தது. சிகரெட், கொழுப்பு, மூச்சு வாங்கியும் டாக்டரைப் பார்க்காதது. அன்னைக்கு வரலைன்னா இன்னொரு நாள் எங்கேயாவது மாடிப்படியில சோபாவைத் தூக்கறப்போ வந்திருக்கும். அப்போ பக்கத்துல நீங்க இருந்திருக்க மாட்டீங்க. இவரை நேரத்துக்கு இங்கே கொண்டுவந்தது யாரு?"

"நான்தான்."

"அதை ஞாபகம் வெச்சுக்கோங்க."

"அப்போ இவ என்னோட சண்டை போடலாமா டாக்டர்?"ன்னு நான் கேட்டேன்.

"அளவா போடலாம்"னார்.

வெளியில வந்து மரத்தடியில நின்னோம். அவ முந்தானையால முகத்தைத் துடைச்சா. "போய்த் தொலைஞ்சு பார்த்தேன், அங்கே இடம் இல்லைன்னுட்டாங்க"ன்னேன். முதுகுல ஒண்ணு வெச்சா. வெச்ச உடனே பயந்துபோய்த் தடவிக்கொடுத்தா.

மறு வாரமே எங்க வீட்டு சோபாவைப் பிரிச்சுப் போட்டேன். பழுப்புத் துணி அழுக்குத் தெரியாதுன்னு நல்ல எண்ணத்துல எடுத்துக்கிட்டு வந்தேன். பார்த்தாளோ இல்லையோ, "இது என்ன, சேத்துல போட்டு எடுத்த மாதிரி? உங்க கடையில கழிஞ்சதெல்லாம் என் தலையிலயா? பச்சைன்னா பச்சைன்னு எத்தனை தடவை சொன்னேன்? காது என்ன அடகு வெச்சிருக்கீங்களா?"ன்னு ஆரம்பிச்சா பாரு, அக்கா, அடடா! நானும் விடலை. வேலைக்குக் கிளம்பின பாப்பா ஒரு கால்ல மட்டும் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்லயே நின்னுட்டா, அம்மா முடிக்கட்டும்னு. நடுவுல இவ என் முகத்தை ஒரு தடவை உத்துப் பார்த்தா. நிறம் மாறலைன்னு தெரிஞ்சதும் மறுபடியும் பிடிச்சுக்கிட்டா. நான் தோத்துட்டேன். பச்சைதான்.

இன்னொண்ணும் எழுதணும். இப்போ இடது பக்கம் திரும்பிப் படுக்கிறேன். அந்தப் பக்கம்தான் அவ படுக்கிறது. சத்தம் கேட்கத்தான் செய்யுது. கேட்டுக்கிட்டே தூங்கிடறேன்.

நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை வந்து போகக் கூடாதா?

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
தம்பி

*

அக்டோபர் 24

அன்புள்ள வாண்டுவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு பஸ்ல கால் மரத்துப்போச்சு, வேற குறை இல்லை. அங்கே மூணு பேரும் சுகம்தானே? நேத்துத்தான் பார்த்துட்டு வந்தேன், இருந்தாலும் கேட்கணும் இல்லையா?

கிளம்பறப்போ சொல்ல முடியாததை எழுதறேன். நீ முன்னே மாதிரி இல்லை. பேசிக்கிட்டே நடந்தா மூச்சு வாங்கி நிக்கிறே. மதியத்துக்கு மேலே களைச்சுப்போறே. தட்டுல இத்தனை மாத்திரை எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. ஆனா நீ அதை மறைக்கலை. "இதுக்கு மேலே முடியாது, உட்காரலாம்"னு வாயால சொல்றே. என் தம்பி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பாப்பா கடைக்கு நான் போயிருந்தேன், உங்ககிட்ட சொல்லலை. மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் என்னமோ சொன்னார், அவ கண்ணாடிக் கதவு அதிர்ற மாதிரி சிரிச்சா. நான் ஒண்ணும் வாங்காம திரும்பிட்டேன்.

நாங்க கிளம்பறதுக்கு முந்தின நாள் மதியம் நீ உள் அறையில படுத்திருந்தே. நான் துண்டு எடுக்க வந்தேன். ஜன்னல் வெளிச்சம் உன் முகத்துல விழுந்திருந்துச்சு, வாய் லேசா திறந்திருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, அப்படியே நின்னுட்டேன். நெஞ்சு ஏறி இறங்குதான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்போ உன் பொண்டாட்டி காய்ஞ்ச துணியை அள்ளிக்கிட்டு அந்த வழியா வந்தா. உன்னை அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.

"தூங்கறார் அண்ணி. வாங்க, இதை மடிச்சுப் போடலாம்"னு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருந்தா.

நான் இன்னும் ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் நானும் துணி மடிக்கப் போயிட்டேன்.

அடுத்த கடிதத்துக்கு நீ அவசரப்பட வேண்டாம்.

உன் அக்கா